குளிர்காலத்தில் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு: பாதையைத் தெரிவுசெய்யும் முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவில் வீடு வாங்க முடியாமல் கல்கரிக்கும் எட்மன்டனுக்கும் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. வேலை தொடங்கும் நாளும் வாடகை முடியும் நாளும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் பலர் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோதான் வாடகை ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு புறப்படுகிறார்கள். கைபேசி வரைபடம் மூன்று கோடுகளைக் காட்டும். மூன்றும் ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். நேரத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் ஒரு பெட்டி ஆடிக்கொண்டு வருவது அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

வெறும் காரில் போகிறவர் மொத்தத் தூரத்தைப் பார்த்துப் பாதையை எடுக்கலாம். ட்ரெய்லரோடு போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பாதையின் மிக மோசமான 200 கிலோமீற்றரை. அதைப் பகல் வெளிச்சத்தில் கடக்க முடியுமா, அதற்கு முன்னால் ட்ரெய்லரோடு நிறுத்தித் தங்க ஓர் ஊர் இருக்கிறதா, மனம் மாறினால் திரும்ப ஒரு சந்தி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் "ஆம்" என்று வரும் பாதையே உங்களுடையது.

முதலில் வண்டி: போகலாமா என்பதே கேள்வி

பாதையைப் பற்றிப் பேசுமுன் எடைக் கணக்கை முடியுங்கள். யூ-ஹோல் நிறுவனம் வாடகைக்குக் கொடுக்கும் 6 × 12 அடி மூடிய ட்ரெய்லர் வெறுமையாகவே 1,920 இறாத்தல். பாரத்தோடு அதன் உச்ச வரம்பு 4,400. 5 × 8 அடிப் பெட்டி வெறுமையாக 900, உச்சம் 2,700. நம் வீடுகளில் அதிகம் நிற்கும் ராவ்-4 ஹைபிரிட் இழுக்கக்கூடியது 1,750 இறாத்தல்தான். ஆகவே பெரிய பெட்டியை அது வெறுமையாகக்கூட இழுக்கக்கூடாது. சியன்னா வான் 3,500. ஹைலாண்டரின் வி-6 எஞ்சின் 5,000, அதே ஹைலாண்டர் ஹைபிரிட் என்றால் 3,500. உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். உறவினர் சொல்லும் எண்ணை நம்பிப் புறப்படாதீர்கள்.

அடுத்த கணக்கைப் பலர் போடுவதே இல்லை. சாரதிக் கதவின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ட்ரெய்லரைக் கொழுவும் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கரில் 1,200 என்றிருக்கிறது, வண்டியில் ஐந்து பேர், மொத்தம் 750 இறாத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் எடை 3,000 என்றால் பந்தின் மேல் 10 முதல் 15 வீதம், அதாவது 300 முதல் 450 வரை இறங்கவேண்டும். 350 என்று எடுத்தால் 1,100 ஆகிவிட்டது. டிக்கியில் வைக்க மிச்சம் 100 இறாத்தல். இரண்டு சூட்கேசுகளோடு முடிந்தது.

பந்தின் மேல் பாரம் 10 வீதத்துக்குக் குறைந்தால் வேகம் கூடக்கூட ட்ரெய்லர் ஆடத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரங்களின் பிடி குறையும். உறைந்த வீதியில் இரண்டுமே ஆபத்து. சாமானில் 60 வீதத்தை ட்ரெய்லரின் முன்பாதியில் ஏற்றுங்கள். அரிசி மூட்டை, கிரைண்டர், புத்தகப் பெட்டிகள் முன்னாலும் கீழேயும், மெத்தையும் தலையணையும் பின்னாலும் மேலேயும். ஏற்றி முடித்ததும் ட்ரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அங்கே தெரியும் உண்மைக்குச் சில டொலர்கள்தான் செலவு.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டம் அதற்குக் கீழே விட்டுவைத்தாலும், ஜனவரியில் பிரேக் இல்லாத ட்ரெய்லரை மேற்கே கொண்டுபோவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். உங்கள் வண்டி பிரேக் உள்ள ட்ரெய்லரை இழுக்கப் போதாது என்றால் சாமானைக் கொள்கலனில் அனுப்பிவிட்டு வெறும் காரில் போங்கள். செலவு கூடலாம். ஆனால் இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஆபத்துகளில் முக்காற்பங்கு அந்த ஒரு முடிவோடு இல்லாமற் போகும்.

மூன்று பாதைகள்

*17ஆம் நெடுஞ்சாலை: சுப்பீரியர் ஏரிக்கரை*

400, 69 நெடுஞ்சாலைகள் வழியாக சட்பெரி, பிறகு சூ செயின்ற் மேரி, வாவா, வைட் ரிவர், மரதன், நிப்பிகன், தண்டர் பே. கோடையில் இதைவிட அழகான வீதி ஒன்ராறியோவில் இல்லை. குளிர்காலத்தில் இதன் மோசமான பகுதி சூவிலிருந்து வாவா வரையான 225 கிலோமீற்றர். வடமேற்குக் காற்று உறையாத சுப்பீரியர் ஏரியின் மேல் நெடுந்தூரம் வீசி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில்தான் கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் வெயில் அடித்த இடத்தில் முன்வண்டியின் பின்லைற் தெரியாமற் போகும். வீதியும் ஏறி இறங்கும். மொன்றியல் ரிவர் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது வேகம் விழும், இறங்கும்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். புயல் வந்தால் பொலிஸ் இந்தப் பகுதியை மூடுவது வழக்கம். மூடினால் வாவாவின் மோட்டல்கள் மாலைக்குள் நிரம்பிவிடும்.

*11ஆம் நெடுஞ்சாலை: வடக்கே சுற்று*

நோர்த் பே, தெமாகமி, நியூ லிஸ்கேர்ட், கொக்ரேன், கப்புஸ்கேசிங், ஹேர்ஸ்ற், லோங்லாக், ஜெரால்ட்டன், நிப்பிகன். தண்டர் பே வரைக்கும் 17ஐ விடச் சில பத்துக் கிலோமீற்றர்தான் கூட. பாரவண்டிச் சாரதிகள் பலர் குளிர்காலத்தில் இதையே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தெமாகமியைத் தாண்டி வடக்கே போகப்போக நிலம் தட்டையாகிறது. பெரிய ஏரி எதுவும் பக்கத்தில் இல்லாததால் திடீர்ப் பனிச்சுவர்கள் குறைவு. குளிர் மட்டும் கூட. −30 சாதாரணம், −40உம் வரும். தொடக்கத்தில் பாரியிலிருந்து நோர்த் பே வரை முழுவதும் நான்கு தடம். 2012இல் அந்த வேலை முடிந்தது.

இதன் மோசமான பகுதி ஹேர்ஸ்ற் முதல் லோங்லாக் வரையான 210 கிலோமீற்றர். நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கைபேசிச் சமிக்ஞையும் பெரும்பகுதி இல்லை. இரு தடம், எதிரே பாரவண்டிகள், விடிகாலையிலும் அந்தியிலும் வீதிக்கு வரும் மூஸ் என்னும் பெரிய மான்கள். இந்த 210 கிலோமீற்றரை இருட்டில் ஓட்டவேண்டாம்.

*அமெரிக்கா வழியாக*

402 வழியாக சார்னியா அல்லது 401 வழியாக வின்ட்சர், எல்லை தாண்டி இன்டர்ஸ்டேட் 94இல் சிக்காகோ, மினியாபொலிஸ், பார்கோ, ஜேம்ஸ்டவுன். அங்கிருந்து யூ.எஸ். 52இல் மைனட் வழியாகப் போர்ட்டல் எல்லை, பிறகு சஸ்காச்சுவானின் 39ஆம் வீதியில் வேபேர்ன், மூஸ் ஜா. ஜேம்ஸ்டவுன் வரை பிரிக்கப்பட்ட நான்கு தடம். எதிர் வாகனம் இல்லை, எரிபொருளும் தங்குமிடமும் அடிக்கடி வரும், ட்ரெய்லரோடு நேராக நுழைந்து நேராக வெளியேறும் பெரிய ட்ரக் நிறுத்தங்கள் நிறைய. வாகனம் ஓட்டுவது மட்டும்தான் கணக்கு என்றால் பெரும்பாலான வாரங்களில் இதுவே இலகுவான பாதை.

ஆனால் இங்கும் ஏரிப்பனி உண்டு. மிச்சிகனின் தென்மேற்கு மூலையில், கலமசூவிலிருந்து ஏரிக்கரை வரை, மிச்சிகன் ஏரியின் பனி 94இன் மேலேயே விழுகிறது. 2015 ஜனவரி 9 அன்று கலமசூ மாவட்டத்தில் 193 வாகனங்கள் ஒன்றோடொன்று மோதியது இந்த வீதியில்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. 2010 டிசம்பரில் லண்டனுக்கும் சார்னியாவுக்கும் இடையே 402இல் 300க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கி, அவர்களை மீட்க இராணுவ ஹெலிகொப்டர் வந்தது. ஹியூரன் ஏரியிலிருந்து பனி எச்சரிக்கை இருக்கும் நாளில் சார்னியாவை விட்டு வின்ட்சர் வழியே போங்கள்.

எல்லை விடயத்தைப் புறப்படும் வாரத்தில் யோசிக்கக்கூடாது. வண்டியிலுள்ள ஒவ்வொருவருடைய பத்திரத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கனடிய நிரந்தர வதிவிட அட்டையும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். அம்மம்மா ஒருவருக்கு விசா இல்லை என்றால் இந்தப் பாதை முழுக் குடும்பத்துக்கும் இல்லை. ட்ரெய்லர் எல்லை தாண்டலாம் என்பதை வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். சாமான் பட்டியலை இரண்டு பிரதி அச்சிட்டு வைத்திருங்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயை அது கொண்டுவரக்கூடும் என்பதால் தடை. பழம், இறைச்சி, செடிகளையும் ரொறன்ரோவிலேயே கொடுத்துவிடுங்கள். பயண மருத்துவக் காப்புறுதியும் எடுங்கள், ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அங்கே தருவது சொற்பம்.

சூவில் எல்லை தாண்டி மிச்சிகனின் மேல் தீபகற்பம் வழியாக டுலூத் போவது வரைபடத்தில் அழகாகத் தெரியும். இரு தட வீதி, சுப்பீரியரின் தென்கரையில் 17ஐ விடக் கூடிய பனி. ட்ரெய்லரோடு வேண்டாம். அதேபோல 11ஐயும் 17ஐயும் இணைக்கும் குறுக்கு வீதிகளான 144, 101, 631 மூன்றும் ட்ரெய்லருக்கு ஆனவை அல்ல.

வானிலையைப் பாதையாக மாற்றுவது

"ஸ்நோ வருமா?" என்பது போதாத கேள்வி. எந்த வகைப் புயல், காற்று எந்தத் திசை, வெப்பநிலை சுழியத்துக்கு எவ்வளவு கிட்ட என்று கேளுங்கள்.

கொலராடோவில் உருவாகி வடகிழக்காக வரும் தாழமுக்கம் பெரியது, ஈரமானது, மெதுவானது. மினியாபொலிஸ், பார்கோ, வின்னிபெக், சிலவேளை தண்டர் பே வரை ஒன்றரை நாள் மூடிவிடும். முன்னறிவிப்பில் இது தெரிந்தால் அமெரிக்கப் பாதையை எடுக்கவேண்டாம். 11இல் மெதுவாகப் போனால் நீங்கள் தண்டர் பே சேரும்போது அது கடந்துபோயிருக்கும், பனி வழிக்கும் வண்டிகளும் வேலையை முடித்திருக்கும்.

அல்பேர்ட்டா கிளிப்பர் என்னும் புயல் சிறியது, வேகமானது. பனி ஐந்து சென்றிமீற்றர்தான் விழும். ஆனால் அது போன பிறகு வரும் வடமேற்குக் காற்றே நமக்குப் பிரச்சினை. அடுத்த ஒன்று இரண்டு நாள் சூ–வாவா, ஜோர்ஜியன் குடாவின் ஓரமான பாரி–பரி சவுண்ட், மிச்சிகனின் தென்மேற்கு மூலை மூன்றிலும் ஏரிப்பனி கொட்டும். இந்த நாட்களுக்கு உரிய பாதை 11.

ஆர்க்டிக் உயரமுக்கம் வந்து உட்கார்ந்தால் வானம் நீலம், வெப்பநிலை −35. பயமாகத் தெரியும். ஆனால் வண்டி ஆயத்தமாக இருந்தால் இழுவைக்கு இதுவே நல்ல வீதி. −25இல் இறுகிய பனியின் மேல் நல்ல வின்ரர் ரயர் பிடிக்கும். ரயர் வழுக்குவது சுழியத்தைச் சுற்றித்தான். +1க்கும் −5க்கும் இடையே பகலில் உருகி மாலையில் உறையும் மெல்லிய ஐஸ் கண்ணுக்கே தெரியாது, நனைந்த தார் போலத்தான் இருக்கும். உறைமழை முன்னறிவிப்பு இருந்தால் எந்தப் பாதையிலும் அன்று நகரவேண்டாம். இதில் விதிவிலக்கே இல்லை.

இன்னொன்று. −18க்குக் கீழே வீதியில் போடும் உப்பு பெரும்பாலும் வேலை செய்யாது, அங்கே மணல்தான் போடுவார்கள். "பனி நின்று ஆறு மணி நேரமாகிவிட்டது, வீதி கறுப்பாகியிருக்கும்" என்ற தென் ஒன்ராறியோக் கணக்கு கப்புஸ்கேசிங்கில் பொருந்தாது.

பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு ஏரிகளில் ஐஸ் கூடுதலாக மூடிய ஆண்டுகளில் ஏரிப்பனி குறையும், 17 மீண்டும் யோசிக்கத்தக்க பாதையாகும். நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை ஏரி திறந்தே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவை எப்போது, எங்கே எடுப்பது

ஐந்து நாட்களுக்கு முன்: மூன்று பாதைகளுக்கும் முன்னறிவிப்பைப் பாருங்கள். சுற்றுச்சூழல் கனடாவின் வெதர்கேன் செயலியில் நோர்த் பே, ஹேர்ஸ்ற், வாவா, தண்டர் பே, வின்னிபெக், ரெஜைனா என்று ஊர்களைச் சேர்த்துவையுங்கள். ஐந்து நாள் முன்னறிவிப்பில் புயலின் நேரம் மாறும். புயல் உண்டா இல்லையா என்பது ஓரளவு தெரியும்.

இரண்டு நாட்களுக்கு முன்: அமெரிக்காவா கனடாவா என்பதை முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு மாற்றினால் தங்குமிடம், காப்புறுதி எல்லாம் குழம்பும்.

புறப்படும் காலை: கனடா என்றால் சட்பெரிக்கு நேரே போகும் 69ஐ விட்டு 11இல் நோர்த் பேக்குப் போங்கள். 17தான் நல்லது என்று அங்கே தெரிந்தால் நோர்த் பேயிலிருந்து சட்பெரி 125 கிலோமீற்றர். மொத்தத்தில் 70 கிலோமீற்றர்தான் நட்டம். அந்த எழுபதுக்கு நீங்கள் வாங்குவது நான்கு மணி நேரப் புதிய தகவல். ட்ரெய்லரோடு போகிறவருக்கு அது மலிவு.

நோர்த் பே: கடைசிச் சந்தி. மாகாணத்தின் வீதித் தகவல் சேவையான ஒன்ராறியோ 511ஐத் திறந்து இரண்டு பாதைகளின் வீதி நிலை, மூடல், கமெராப் படம் மூன்றையும் பாருங்கள். கமெராப் படத்தில் வானத்தைப் பார்க்காமல் வீதியைப் பாருங்கள். சக்கரத் தடத்தில் தார் தெரிகிறதா, நடுக்கோடு தெரிகிறதா, படம் எடுத்த நேரம் என்ன என்பதுதான் முக்கியம்.

நிப்பிகன்: இரு பாதைகளும் இங்கே ஒன்றாகி ஒரே பாலத்தில் ஏறுகின்றன. 2016 ஜனவரியில் புதிதாகத் திறந்த அந்தப் பாலத்தின் தளம் தூக்கிக்கொண்டு மூடப்பட்டபோது, கனடாவுக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக வேறு வீதி இருக்கவில்லை. நிப்பிகனுக்கு மேற்கே மூடல் என்று தெரிந்தால் ஹேர்ஸ்றிலேயே இன்னொரு இரவு தங்குவது நல்லது.

நாள் கணக்கும் எரிபொருளும்

டிசம்பர் கடைசியில் தண்டர் பேயில் வெளிச்சம் எட்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. 80 கிலோமீற்றர் வேகம், எரிபொருள், உணவு, நிறுத்தி லைற்றைத் துடைப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 450 முதல் 500 கிலோமீற்றர்தான் நேர்மையான கணக்கு. 11 வழியாக: ரொறன்ரோ–நியூ லிஸ்கேர்ட் ஏறத்தாழ 500, ஹேர்ஸ்ற் 440, தண்டர் பே 510, கெனோரா 490, பிராண்டன் 425, மூஸ் ஜா 430, மெடிசின் ஹற் 395, கல்கரி 295. எட்டு நாள். இதற்கு மேல் இரண்டு நாட்களைக் கையில் வையுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஞாயிறு இரவு ஓட்டுகிறவர்தான் மூடவேண்டிய வீதியில் நிற்பார். எட்மன்டன் போகிறவர்கள் போர்ட்டேஜ் லா பிரெய்ரியைத் தாண்டியதும் 16ஆம் வீதிக்குப் பிரியலாம்.

சாதாரணமாக நூறு கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கும் வண்டி, பெட்டி ட்ரெய்லரோடும் குளிரோடும் 18 முதல் 20 குடிக்கும். 68 லீற்றர் தாங்கி 350 கிலோமீற்றருக்கு மேல் போகாது. பாதியில் நிரப்பு என்ற விதிப்படி 170 கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும். சூ, வாவா, ஹேர்ஸ்ற் மூன்றிலும் பாதி இருந்தாலும் நிரப்பியே புறப்படுங்கள். இடையிலுள்ள சிறு நிலையங்கள் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், மற்றவை இரவில் பூட்டும்.

மோட்டலை இணையத்தில் பதிந்துவிட்டு விடாதீர்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள். ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுக்காமல் நிறுத்த இடம் இருக்கிறதா, பிளக் உள்ள தரிப்பிடம் இருக்கிறதா, எத்தனை மணி வரை பணம் வெட்டாமல் ரத்துச் செய்யலாம் என்ற மூன்றையும் கேளுங்கள். பிளக் எதற்கென்றால், −30இல் இரவு முழுவதும் நின்ற எஞ்சின் காலையில் உருளாது. ரொறன்ரோ வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சூடாக்கி பொருத்தியிருப்பதில்லை. புறப்படுமுன் பொருத்துங்கள். வெளியில் பயன்படுத்தத்தக்க தடித்த நீட்டிப்பு வயர் ஒன்றும் எடுங்கள். பற்றரி நான்கு வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ட்ரெய்லரில் எது பழுதுபடும்

வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் மலையும் பனிப்படிகமும் குறியாகப் பொறித்த வின்ரர் ரயர். ட்ரெய்லர் ரயர் கடும் ரப்பர்தான், அதை மாற்ற முடியாது. ஆகவே அது வழுக்கும் என்று எண்ணியே ஓட்டவேண்டும். காற்றழுத்தம் ஒவ்வொரு 5–6 பாகை குளிருக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 15 பாகைக் கராஜில் நிரப்பியது −30இல் 8 குறைந்திருக்கும். குளிரில் நின்ற ரயரைக் காலையில் அளந்து நிரப்புங்கள். சக்கர நட்டுகளை முதல் 80 கிலோமீற்றரில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

வாடகை ட்ரெய்லரின் பிரேக் பெரும்பாலும் தள்ளுவிசையில் இயங்குவது. வண்டி வேகம் குறைய, ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ள, அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்கும். ஹிட்சுக்குப் பின்னால் உள்ள நகரும் பகுதியில் உப்புச்சேறு உறைந்தால் பிரேக் பிடிக்காமலோ விடாமலோ போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்கே அடைந்த ஐஸைத் தட்டிவிடுங்கள். உங்கள் சொந்த ட்ரெய்லரில் மின்பிரேக் என்றால், பனியில் அதன் அளவைக் குறையுங்கள். வெறுமையான தரிப்பிடத்தில் 30 கிலோமீற்றரில் பிடித்துப் பார்த்து ட்ரெய்லர் சக்கரம் உருளாமல் வழுக்கினால் இன்னும் குறையுங்கள்.

இரவில் ட்ரெய்லருக்குக் கைபிரேக் போடவேண்டாம். ஈரமான பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். லைற் இணைப்பின் பின்களில் மின்கசிவைத் தடுக்கும் கிரீஸ் தடவுங்கள், உப்பு அதைத்தான் முதலில் தின்னும். எல்.ஈ.டி. பின்லைற் பனியை உருக்காது. நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் பின்னால் வரும் பாரவண்டிக்கு நீங்கள் இல்லை.

வீணையை ட்ரெய்லரில் ஏற்றாதீர்கள். மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு −30இல் வெடிக்கும். மிருதங்கமும் வண்டிக்குள்ளேதான். ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர், பெயின்ற் எதுவும் பெட்டியில் வேண்டாம். தொலைக்காட்சி, கணினி போன்றவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு நாள் விட்டே பிளக்கில் போடுங்கள். உள்ளே குளிர்ந்த மின்சுற்றுப் பலகைமேல் வீட்டு ஈரம் படிந்திருக்கும்.

ஓடும்போது

80க்கு மேல் வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் எட்டு முதல் பத்து விநாடி. குரூஸ் கொன்ட்ரோலைத் தொடவே வேண்டாம். இறக்கத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், இறக்கத்தின் நடுவில் அழுத்தும் பிரேக்தான் ட்ரெய்லரை மடக்குவது. ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாமல் காலை மெதுவாக எடுங்கள், ஸ்டியரிங்கை நேரே பிடியுங்கள். மின்பிரேக் இருந்தால் கைநெம்புகோலால் ட்ரெய்லரை மட்டும் பிடியுங்கள். நான்கு சக்கர இழுவை புறப்பட உதவும், நிறுத்த உதவாது.

பின்னால் வரிசை சேர்ந்தால் மனம் பதறி ஓரத்தில் ஒதுங்காதீர்கள். பனிக்குக் கீழே சரளை மென்மையாக இருக்கும், ட்ரெய்லரின் வலச் சக்கரம் இறங்கினால் முழு வண்டியையும் கானுக்குள் இழுத்துவிடும். முந்தல் தடம் வரும்வரை அதே வேகத்தில் போங்கள். பனி வழிக்கும் வண்டியை முந்தவே கூடாது. அது எழுப்பும் பனிப்புகைக்குள் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது.

சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிய பனியை முதலில் அகற்றுங்கள், அடைத்துக்கொண்டால் நச்சுவாயு உள்ளே வரும். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுப் படாத பக்கத்து யன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். ஆளுக்கொரு தடித்த போர்வை, மடக்கு மண்வெட்டி, 10 கிலோ மணல், −45 வரை உறையாத கண்ணாடி நீர் இரண்டு கலன், தலைலைற், இரண்டு நாள் உலர் உணவு ஆகியவை ட்ரெய்லருக்குள் இல்லாமல் வண்டிக்குள் இருக்கட்டும். வரைபடத்தைக் கைபேசியில் தரவிறக்கிவிடுங்கள். செய்மதி வழி அவசரச் செய்தி அனுப்பும் கைபேசி இருந்தால் அதை எப்படிச் செய்வது என்று வீட்டிலேயே பழகுங்கள்.

சமவெளி: இங்கே எதிரி காற்று

வின்னிபெக்கைத் தாண்டியதும் நான்கு தடம், தட்டை நிலம். "கஷ்டம் முடிந்தது" என்று தோன்றும். இங்கேதான் புதுப் பனி விழாமலேயே வீதி மூடும். விழுந்து கிடக்கும் பனியைக் காற்று தரையோடு தரையாக ஓட்டிவரும். மேலே நீலவானம், கீழே வீதி தெரியாது. சஸ்காச்சுவானின் வீதித் தகவல் சேவையில் "பயணம் பரிந்துரைக்கப்படவில்லை" என்று இருந்தால் அதை மூடல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி ட்ரெய்லரின் பக்கச்சுவர் பெரிய பரப்பு. பக்கக்காற்றின் வீச்சு 60 கிலோமீற்றரைத் தாண்டும் என்றால், அதுவும் வீதி உறைந்திருந்தால், ரெஜைனாவிலோ மூஸ் ஜாவிலோ நின்றுவிடுங்கள். பாரம் குறைந்த ட்ரெய்லர்தான் முதலில் தள்ளப்படும். எதிரே பாரவண்டி கடக்கும்போது அது காற்றை ஒரு கணம் மறைத்து மீண்டும் விடும், ட்ரெய்லர் அந்த இடத்தில் உதறும். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். மெடிசின் ஹற்றிலிருந்து கல்கரி வரை சினூக் காற்று மேற்கிலிருந்து வரும். வெப்பநிலை சில மணி நேரத்தில் இருபது பாகை ஏறி, வீதிப் பனி உருகி, இரவில் கண்ணாடியாக உறையும். அந்தக் கடைசி 295 கிலோமீற்றரை முற்பகலில் தொடங்கி வெளிச்சத்திலேயே முடியுங்கள். ட்ரெய்லரைத் திருப்பிக் கொடுக்குமுன் வண்டியின் அடிப்பகுதியை வெந்நீரில் கழுவுங்கள். எட்டு நாள் உப்பு பிரேக் குழாய்களிலும் ஹிட்ச் போல்ட்டுகளிலும் ஒட்டியிருக்கும்.